வேர்ட் கோப்பில் ஒளிந்திருக்கும் குறிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழ் ஆவணங்களைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். காணி உறுதிகள், வினாத்தாள்கள், ஆய்வேடுகள், கோயில் மலர்கள், சங்க அறிக்கைகள் என்று பலவகைக் கோப்புகள் வருகின்றன. கொண்டுவருபவர்கள் சொல்லும் குறைகள் வேறுவேறாக இருந்தாலும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. திரையில் எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் பார்த்து ஆவணத்தை அமைத்திருப்பார்கள். அது உள்ளே எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பார்க்க ஒரு பொத்தான் போதும். மைக்ரோசொப்ட் வேர்ட்டை வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன். வேறு மென்பொருள் பயன்படுத்துவோருக்குக் கடைசிக் கேள்வியில் வழி இருக்கிறது.

எழுத்துகளுக்கு நடுவே திடீரென்று புள்ளிகளும் ¶ என்ற குறியும் வந்துவிட்டன. கோப்பு கெட்டுவிட்டதா?

இல்லை. அந்தப் புள்ளிகளும் குறிகளும் முன்பே உங்கள் கோப்பில் இருந்தவைதான். நீங்கள் இடைவெளி விசையையும் என்டர் விசையையும் தட்டிய ஒவ்வொரு முறையும் ஒரு குறி கோப்பில் பதிந்திருக்கிறது. இதுவரை அவை மறைக்கப்பட்டிருந்தன, இப்போது காட்டப்படுகின்றன. கொன்ட்ரோல், ஷிப்ட், 8 ஆகிய மூன்றையும் தவறுதலாகச் சேர்த்து அழுத்தினால் இப்படி ஆகும். மீண்டும் அழுத்தினால் மறைந்துவிடும். ஹோம் பட்டையில் பத்தி அமைப்புக்கான பகுதியில் ¶ படம் போட்ட பொத்தானும் இதே வேலையைச் செய்கிறது.

ஆனால் மறைப்பதற்கு அவசரப்படாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இவை அச்சில் வருமா?

வராது. பி.டி.எப். ஆக மாற்றினாலும் வராது. திரையைப் படம் பிடித்து அனுப்பினால் மட்டும் படத்தில் விழும்.

எந்தக் குறி எதைக் காட்டுகிறது?

வரியின் நடு உயரத்தில் நிற்கும் சிறு புள்ளி, ஒரு முறை தட்டிய இடைவெளி. இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து நின்றால் இரண்டு முறை தட்டியிருக்கிறீர்கள். வலப்பக்கம் நோக்கிய அம்பு → டாப் விசை. ¶ பத்தியின் முடிவு. என்டர் அழுத்தும் இடத்தில் வரும். கீழிறங்கி இடப்பக்கம் வளையும் அம்பு ↵ ஷிப்டுடன் என்டர் அழுத்தியதைக் காட்டுகிறது. அங்கே வரிதான் முறிகிறது, பத்தி முடியவில்லை. எழுத்தின் மேல் உயரத்தில் நிற்கும் சிறு வட்டம் ° பிரியா இடைவெளி. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் ¤ இருக்கும். அது கட்டத்தின் முடிவு. ஒற்றைப் புள்ளிக்கோடு பக்க முறிவையும், இரட்டைப் புள்ளிக்கோடு பிரிவு முறிவையும் (பக்க அமைப்பு மாறக்கூடிய புதிய பகுதி தொடங்கும் இடம்) காட்டும். எழுத்தின் அடியில் புள்ளிகளாலான கோடு ஓடினால் அது மறைத்து வைக்கப்பட்ட எழுத்து.

தலைப்புகளின் இடது ஓரத்தில் ஒரு சிறிய கறுப்புச் சதுரம் நிற்பதைக் கண்டு பலர் அதை அழிக்க முயன்று களைத்துப்போகிறார்கள். அது எழுத்து அல்ல, அழிக்க முடியாது. ‘இந்தப் பத்தியை அடுத்த பத்தியிலிருந்து பிரிக்காதே’, ‘புதிய பக்கத்தில் தொடங்கு’ போன்ற கட்டளை அந்தப் பத்திக்கு இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. தலைப்பு பக்கத்தின் அடியில் தனியே தொங்காமல் காப்பதும் அந்தக் கட்டளைதான். விட்டுவிடுங்கள்.

பொத்தானை அணைத்த பிறகும் சில குறிகள் போகவில்லையே?

ஃபைல் பட்டியலில் ஒப்ஷன்ஸ், அதற்குள் டிஸ்ப்ளே என்ற பகுதிக்குச் செல்லுங்கள். எந்தெந்தக் குறிகளை எப்போதும் காட்ட வேண்டும் என்று கேட்கும் கட்டங்கள் அங்கே இருக்கும். அவற்றில் அடையாளமிட்டவை ¶ பொத்தானுக்குக் கட்டுப்படா. அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

ஒரு ¶ குறியை அழித்தேன். மேலே இருந்த தலைப்பின் அமைப்பே மாறிவிட்டது. ஏன்?

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் வேர்ட் செய்யும் பல விசித்திரங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

வேர்ட்டில் ஒரு பத்தியின் அமைப்பு முழுவதும் அதன் முடிவிலுள்ள ¶ குறியிலேயே தங்கியிருக்கிறது. இடது ஓரம், முதல் வரி உள்தள்ளல், வரிகளுக்கு இடையிலான தூரம், நடுவில் நிற்பதா ஓரத்தில் நிற்பதா, டாப் எங்கே போய் நிற்க வேண்டும், எந்தப் பாணி (பெயரிட்டுச் சேமித்த அமைப்பு, ஸ்டைல்) என்பவை எல்லாம் அதற்குள் அடக்கம். ஓர் உறுதியின் அடியில் இடும் கையொப்பம் அதற்கு மேலுள்ள வாசகங்களுக்கு உரியது போல, ¶ தனக்கு முன்னால் உள்ள பத்திக்கு உரியது. அதை அழித்தால் இரண்டு பத்திகள் ஒன்றாகின்றன. குறி ஒன்றுதான் மிஞ்சுகிறது. ஆகவே அமைப்பும் ஒன்றுதான் மிஞ்சும். தலைப்பும் அதன் கீழிருந்த பத்தியும் ஒன்று சேர்ந்தால், இரண்டில் ஒன்று தன் உருவத்தை இழந்தே ஆக வேண்டும்.

நகலெடுக்கும் போதும் இதே விதிதான். ஒரு பத்தியை அதன் ¶ குறியோடு சேர்த்துத் தெரிவுசெய்து வேறோர் ஆவணத்தில் ஒட்டினால் அமைப்பும் கூடவே போகும். குறியை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் எடுத்தால், போய்ச் சேரும் இடத்தின் பத்தி அமைப்பை அவை ஏற்றுக்கொள்ளும். இரண்டும் பயனுள்ளவை. எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். குறிகள் மறைந்திருக்கும் போது அது தெரியாது.

ஒரு பத்தி மட்டும் அடங்காமல் நின்றால், அதற்குள் நின்றுகொண்டு கொன்ட்ரோலுடன் கியூ விசையை அழுத்துங்கள். பாணிக்குப் புறம்பாகக் கையால் செய்த பத்தி மாற்றங்கள் நீங்கும். எழுத்துகளில் செய்த மாற்றங்களுக்கு, அவற்றைத் தெரிவுசெய்து கொன்ட்ரோலுடன் இடைவெளி விசை. என்ன அமைப்பு எங்கிருந்து வந்தது என்று விரிவாகப் பார்க்க ஷிப்டுடன் எப் 1.

வீட்டில் ஒழுங்காக இருந்த வினாத்தாள் வெள்ளவத்தையில் அச்செடுக்கப் போனதும் கலைந்துவிட்டது. கடைக்காரர் செய்த பிழையா?

அநேகமாக இல்லை. ¶ பொத்தானை அழுத்திப் பாருங்கள். விடைகளுக்கு இடையில் எறும்பு வரிசையாகப் புள்ளிகள் நின்றால், அங்கேதான் கோளாறு.

க.பொ.த. சாதாரண தரப் பல்தேர்வு வினாவுக்கு நான்கு விடைகள், உயர்தரத்துக்கு ஐந்து. அவற்றை ஒரே வரியில் நிறுத்தி, அடுத்த வினாவின் விடைகளையும் அதே நேரில் நிறுத்த ஆசிரியர்கள் இடைவெளி விசையைத் தட்டித் தட்டிக் கண்ணால் அளக்கிறார்கள். தட்டச்சுப் பொறியில் அது சரியான வழியாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பொறியின் உருளை ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே தூரம் நகர்ந்தது. கணினி எழுத்துருவில் ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலம் அல்ல. தமிழில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. ஆகவே எத்தனை இடைவெளி தட்டினாலும் நேர்கோடு கிடைக்காது. கிடைத்தது போலத் தோன்றினாலும் அது அந்த எழுத்துருவுக்கும் அந்த அளவுக்கும் மட்டுமே உண்மை. கடையின் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாமல் லதா, நிர்மலா போன்ற வேறோர் எழுத்துரு அதன் இடத்தில் வந்து அமர்ந்தால், எல்லா அகலங்களும் மாறிவிடும்.

ஒவ்வொரு விடைக்கும் முன்னால் ஒரே ஒரு டாப் வையுங்கள். பிறகு அந்தப் பத்திகளைத் தெரிவுசெய்து, மேலேயுள்ள அளவுகோலில் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே சொடுக்குங்கள். எழுத்துரு மாறினாலும் அந்த இடம் மாறாது. இரண்டு அம்புகள் அடுத்தடுத்து இருந்தால் அதுவும் கண்ணால் அளந்ததுதான். அளவுகோலில் இடத்தைக் குறிக்கவில்லை என்று பொருள். விடைகள் நீளமானவையாக இருந்தால் கோடில்லாத அட்டவணை இன்னும் நல்லது. அட்டவணைக் கட்டத்துக்குள் டாப் அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். கட்டத்துக்குள்ளேயே டாப் வேண்டுமானால் கொன்ட்ரோலையும் சேர்த்து அழுத்துங்கள்.

விலைப்பட்டியலிலும் பொருளடக்கத்திலும் முற்றுப்புள்ளிகளை வரிசையாகத் தட்டி இலக்கத்தை வலது ஓரத்துக்குத் தள்ளுவதும் இதே வகைப் பழக்கம். வலப்பக்க டாப் ஒன்றை வைத்து அதற்குப் புள்ளிக் கோட்டைத் தெரிவுசெய்தால் வேர்ட்டே நிரப்பிக்கொள்ளும்.

பத்தியின் நடுவில் ஒரு வரியில் மட்டும் சொற்கள் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன.

அந்த வரியின் முடிவில் ↵ இருக்கும். இருபக்க ஓரமும் நேராக நிற்கும்படி அமைத்த பத்தியில், கடைசி வரி மட்டும் இயல்பாக விடப்படும். ஷிப்டுடன் என்டர் தட்டிய வரி கடைசி வரி அல்ல. பத்தி இன்னும் முடியவில்லை என்றே வேர்ட் கருதுகிறது. எனவே அந்த வரியிலுள்ள இரண்டு மூன்று சொற்களை ஓரம் முதல் ஓரம் வரை இழுத்து நிரப்புகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒரு வரியில் குறைவாகவே அடங்குகின்றன. அதனால் ஓட்டைகள் பெரிதாகத் தெரியும். ↵ குறியை அழித்துவிட்டு என்டர் அழுத்துங்கள்.

முகவரியை மூன்று நான்கு வரிகளில் எழுதுவதற்கும், கவிதையின் ஓர் அடியை முடிப்பதற்கும் ↵ நல்லது. இடப்பக்கம் சேர்த்து நிறுத்திய பத்தியில் அது எந்தத் தொல்லையும் தராது.

‘கொழும்பு’ ஒரு வரியின் முடிவிலும் ‘06’ அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுகிறது. எப்படிச் சேர்ப்பது?

இடையிலுள்ள இடைவெளியை அழித்துவிட்டு, கொன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டுங்கள். புள்ளி இருந்த இடத்தில் சிறு வட்டம் ° வரும். இனி அந்த இரண்டும் ஒரே வரியில்தான் நிற்கும். ‘ரூ.’வுக்கும் தொகைக்கும் இடையில், முதலெழுத்துக்கும் பெயருக்கும் இடையில், திகதிக்கும் மாதத்துக்கும் இடையில் இதை வைக்கும் பழக்கம் வேண்டும். சட்ட ஆவணங்களில் இதை வற்புறுத்துவேன்: தொகை ஒரு பக்கத்தின் தலையிலும் ‘ரூ.’ அதற்கு முந்தைய பக்கத்தின் அடியிலும் நிற்கும் உறுதியை யாரும் விரும்ப மாட்டார்கள்.

தொலைபேசி இலக்கங்களின் நடுவே வரும் சிறுகோட்டுக்கும் இப்படி ஒன்று உண்டு: கொன்ட்ரோல், ஷிப்ட், சிறுகோடு.

கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் வருகிறது. அழிக்கவே முடியவில்லை.

குறிகளைக் காட்டிவிட்டு அந்தப் பக்கத்தைப் பாருங்கள். வெறும் ¶ வரிசையாக நின்றால் அவற்றை அழியுங்கள். பக்க முறிவுக் கோடு இருந்தால் அதன் முன்னால் நின்று டிலீட் அழுத்துங்கள்.

அட்டவணையோடு ஆவணம் முடிந்தால் கதை வேறு. அட்டவணைக்குப் பின் ஒரு ¶ இருந்தே ஆக வேண்டும் என்பது வேர்ட்டின் விதி. அட்டவணை பக்கத்தை முழுதாக நிரப்பிவிட்டால் அந்த ஒற்றைக் குறி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. அதை அழிக்க முடியாது, ஆனால் சுருக்கலாம்: அந்தக் குறியைத் தெரிவுசெய்து எழுத்தளவை 1 ஆக்கி, பத்திக்கு முன்னும் பின்னும் உள்ள தூரத்தைச் சுழியமாக்குங்கள்.

திரையில் வெற்றுப் பக்கமே இல்லை, அச்சில் மட்டும் வருகிறது என்றால், ‘ஒற்றைப்படைப் பக்கத்தில் தொடங்கு’ என்ற வகைப் பிரிவு முறிவு எங்கோ இருக்கிறது. அத்தியாயங்கள் வலப்பக்கத்தில் தொடங்க வேண்டிய நூலுக்கு அது தேவையானது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய பக்கத்துக்குப் போவதற்காக என்டரைத் தொடர்ந்து தட்டாதீர்கள். மேலே ஒரு வரி கூடினாலோ குறைந்தாலோ கீழே எல்லாப் பக்கங்களும் நகர்ந்துவிடும். கொன்ட்ரோலுடன் என்டர் அழுத்தினால் பக்க முறிவு வந்துவிடும். ஒவ்வோர் அத்தியாயமும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமானால், அத்தியாயத் தலைப்பின் பாணியிலேயே ‘இதற்கு முன் பக்க முறிவு’ என்று வைத்துவிடலாம். தலைப்பின் ஓரத்தில் அந்தக் கறுப்புச் சதுரம் வந்து நிற்கும்; வேறு எதுவும் செய்யத் தேவையில்லை.

ஆய்வேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் கிடையாக வைக்க வேண்டும். வைத்தால் எல்லாப் பக்கங்களும் திரும்பிவிடுகின்றன.

பக்கத்தின் அளவு, திசை, ஓரங்கள், தலைக்குறிப்பு, அடிக்குறிப்பு, பக்க எண்ணின் வடிவம் ஆகியவை பத்திக்கு உரியவை அல்ல, பிரிவுக்கு உரியவை. உங்கள் ஆய்வேடு முழுவதும் ஒரே பிரிவாக இருந்தால் எல்லாம் சேர்ந்துதான் திரும்பும். லேஅவுட் பட்டையில் பிரேக்ஸ் என்பதில், அடுத்த பக்கத்தில் தொடங்கும் பிரிவு முறிவைத் தெரிவுசெய்து, அந்தப் பெரிய அட்டவணைக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வையுங்கள். இரண்டு இரட்டைக் கோடுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு திசையை மாற்றுங்கள்.

முன்னுரைப் பக்கங்களுக்கு ரோம எண்ணும் முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3 என்றும் வேண்டுமானால் அங்கேயும் ஒரு பிரிவு முறிவு வேண்டும். அடிக்குறிப்புக்குள் சென்று ‘முந்தையதோடு இணை’ என்ற பொத்தானை அணைத்த பிறகே எண்ணை மாற்ற வேண்டும். இதை மறந்தால் ஒரு பிரிவில் செய்த மாற்றம் மற்றதிலும் போய் விழும்.

பிரிவு முறிவை அழிக்கும் போது மிகுந்த கவனம் தேவை. ¶ போலவே இதுவும் தனக்கு மேலுள்ள பகுதியின் அமைப்பைச் சுமக்கிறது. அழித்தால் மேலுள்ள பக்கங்கள் கீழுள்ள பிரிவின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். கிடையான பக்கத்துக்கு முன்னால் இருக்கும் முறிவை அழித்தீர்களானால் அதற்கு மேலுள்ள பக்கங்களும் கிடையாகத் திரும்பும். அப்படி ஆனால் பதற்றமில்லாமல் கொன்ட்ரோலுடன் இசட் அழுத்தித் திரும்பிவிடுங்கள்.

பி.டி.எப். கோப்பிலிருந்தோ இணையத்திலிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் வரிகள் பாதியில் முறிகின்றன.

பி.டி.எப். கோப்பிலிருந்து வரும் போது ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு ¶ ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் பொறுமைக்கு வணக்கம், ஆனால் அந்த நேரத்தை மிச்சப்படுத்த வழி இருக்கிறது. கொன்ட்ரோலுடன் எச் அழுத்தினால் தேடி மாற்றும் பெட்டி வரும். ^பி என்று நான் எழுதுவதை, விசைப்பலகையில் கூரைக் குறியும் ஆங்கிலச் சிறிய எழுத்து பியும் சேர்த்து அடிக்க வேண்டும். அதுதான் ¶ குறிக்கான மறைபெயர். மூன்று படிகள்: உண்மையான பத்தி முடிவுகளில் இரண்டு ¶ இருக்கும் என்பதால் முதலில் ^பி^பி என்பதை, ஆவணத்தில் எங்கும் வராத @@ போன்ற ஒன்றாக மாற்றுங்கள். அடுத்து ^பி என்பதை ஓர் இடைவெளியாக மாற்றுங்கள். கடைசியாக @@ என்பதை ^பி ஆக மாற்றுங்கள். பத்திகளுக்கு நடுவில் இரண்டு ¶ இல்லாத கோப்பானால், முதலில் பத்தி முடிவுகளில் கையால் @@ போட்டுக்கொள்ளுங்கள்.

இணையப் பக்கத்திலிருந்து வருபவற்றில் ↵ குறிகளும் ° வட்டங்களும் நிறைந்திருக்கும். ↵ குறிக்கு ^எல், பிரியா இடைவெளிக்கு ^எஸ். வட்டங்களை விட்டுவைத்தால் வரி அந்த இடத்தில் முறிய மாட்டாது. நீண்ட துண்டு அப்படியே அடுத்த வரிக்கு இறங்க, மேல் வரியில் பள்ளம் விழும்.

இரட்டை இடைவெளிகளை நீக்க, தேடும் இடத்தில் இரண்டு இடைவெளியும் மாற்றும் இடத்தில் ஒன்றும் இட்டு, மாற்றியவை சுழியம் என்று வரும் வரை திரும்பச் செய்யுங்கள்.

பாமினியில் தட்டச்சு செய்த கோப்பில் ‘தமிழ்’ என்பது ‘துமிழ்’ ஆகிவிடுகிறது. இதுவும் மறைந்த குறியின் வேலையா?

குறி அல்ல, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்து அல்ல, ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. பாமினியில் ஆங்கிலச் சிறிய ஜேயின் உருவம் ‘த’. பெரிய ஜேயின் உருவம் ‘து’. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதி வேர்ட்டில் இயல்பாகவே இயங்குகிறது. அது உங்களுக்கு உதவுவதாக எண்ணிச் சிறிய ஜேயைப் பெரிய ஜே ஆக்க, ‘த’ ‘து’வாகிறது. ஒப்ஷன்ஸில் புரூஃபிங் பகுதிக்குச் சென்று ஓட்டோகரெக்ட்டில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

¶ பொத்தான் இதைக் காட்டாது. அந்தச் சொல்லைத் தெரிவுசெய்து எழுத்துருப் பெயரைப் பார்ப்பதே வழி. நல்ல தீர்வு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்குக் கோப்பை மாற்றுவது. பாமினிக் கோப்பை அலைபேசியில் திறந்தாலும் மின்னஞ்சலில் ஒட்டினாலும் வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் கிடைக்கும். அதில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. இலங்கைத் தமிழர்களின் இரண்டு மூன்று தசாப்தகால எழுத்து இப்படிப் பூட்டிக் கிடக்கிறது. உங்கள் சங்கத்திலோ பாடசாலையிலோ பழைய மலர்களின் கோப்புகள் இருந்தால் இப்போதே மாற்றி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மும்மொழிக் கடிதத்தில் சிங்களச் சொற்கள் உடைந்துவிட்டன என்று திணைக்களத்தில் திருப்பி அனுப்பினார்கள். நான் தமிழ்ப் பகுதியை மட்டுமே திருத்தினேன்.

ஆவணத்தை ‘சுத்தம்’ செய்யும் ஏதேனும் கருவியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். யூனிகோடில் அகலமே இல்லாத சில எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இணைப்பான், இன்னொன்று பிரிப்பான். சிங்களத்தில் ‘ஸ்ரீ லங்கா’ என்று எழுதும் போது முதற் கூட்டெழுத்துக்குள் ஓர் இணைப்பான் இருக்கிறது. அந்த மொழியில் ரகரமும் யகரமும் முந்தைய மெய்யோடு சேர்ந்து வரும் வடிவங்களுக்கு அது கட்டாயம் வேண்டும். அகலமில்லாதவற்றை எல்லாம் குப்பை என்று நீக்கினால் நாட்டின் பெயரே பிளந்துபோகும்.

தமிழில் இணைப்பானுக்கு வேலை இல்லை. பிரிப்பானுக்கு ஒரு சிறு வேலை உண்டு: க், ஷ இரண்டும் ‘க்ஷ’ என்று கூடாமல் தனித்தனியே நிற்க வேண்டிய இடத்தில் நடுவில் வைக்கலாம். வேறெங்கும் அது தேவையற்றது, தேடுதலைக் குழப்பும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியான பின், ஒரே தாளில் மூன்று மொழிகளும் நிற்பது கொழும்பில் அன்றாட வேலை. ஆகவே சுத்தம் செய்வதானால் தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிவுசெய்து செய்யுங்கள்.

ஓர் இடத்தில் என்ன ஒளிந்திருக்கிறது என்று ஐயமிருந்தால், அதன் பின்னால் சுட்டியை வைத்து ஆல்ட் விசையுடன் எக்ஸ் அழுத்துங்கள். அந்த எழுத்து தன் யூனிகோடு எண்ணாக மாறிக் காட்டும். பிரிப்பானுக்கு 200சி, இணைப்பானுக்கு 200டி. மறுபடியும் அழுத்தினால் பழையபடி எழுத்தாகும்.

‘ஸ்ரீ’ என்று தேடினால் சில பெயர்கள் அகப்படவில்லை. எழுத்துப் பிழையும் இல்லை.

‘ஸ்ரீ’யை இரண்டு விதமாகக் குறியேற்ற முடியும். ஒன்றில் முதலெழுத்து ‘ஸ’. மற்றதில் 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஆல்ட், எக்ஸ் முறையில் பிரித்துப் பார்த்து, ஆவணம் முழுவதையும் ஒரே விதமாக மாற்றிவிடுங்கள். பெயர்ப்பட்டியல் தயாரிப்போருக்கு இது மிக முக்கியம். ‘ா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’வும், ‘ௌ’வின் பின்பாதிக்கு ‘ள’வும் தட்டப்பட்டிருந்தாலும் தேடல் இப்படித்தான் தோற்கும்.

உயிர்மெய்யின் குறியோடு புள்ளிகளாலான ஒரு வட்டம் வருகிறதே?

அது அமைப்புக் குறி அல்ல, அச்சிலும் வரும். சேர்வதற்கு மெய்யில்லாமல் ஓர் உயிர்க்குறி தனியாக நிற்கிறது என்று பொருள். நடுவில் இடைவெளி புகுந்திருக்கலாம். ஒரு குறியை இரண்டு முறை தட்டியிருக்கலாம். அழித்துவிட்டு எழுத்தை முழுதாக மீண்டும் தட்டுங்கள்.

பழைய உறுதியைத் திறந்து பெயர்களை மாற்றிப் புதிய உறுதி தயாரிக்கிறோம். பழைய விபரங்கள் கோப்புக்குள் மிஞ்சுமா?

மிஞ்சலாம். புதுக்கடை நீதிமன்ற வட்டாரத்தில் மட்டுமல்ல, எல்லா அலுவலகங்களிலும் இப்படித்தான் வேலை நடக்கிறது. ஆகவே கவனியுங்கள்.

மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் நீக்கிய பெயர் நீங்கவில்லை. திரையில் மாற்றங்களைக் காட்டாமல் வைத்திருப்பதால் அது போய்விட்டதாகத் தோன்றுகிறது, அவ்வளவே. பெறுபவர் ரிவியூ பட்டையைத் திறந்து காட்சியை மாற்றினால் பழைய வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலை எல்லாம் வரிவரியாகத் தெரியும். மாற்றங்களை ஏற்றுக்கொண்டு முடிக்கும் வரை அவை கோப்பில்தான் இருக்கும். மறைத்து வைக்கப்பட்ட எழுத்தும் அப்படியே. அதை அச்சிடும்படி ஒப்ஷன்ஸில் ஒரு கட்டம் இருப்பதால் யாரோ ஒருவரின் கணினியில் அது தாளிலும் வந்துவிடலாம். யார் எழுதியது, யார் கடைசியாகச் சேமித்தது என்பவையும் கோப்பின் பண்புகளில் நிற்கும்.

2003இல் பிரித்தானியப் பிரதமர் அலுவலகம் ஈராக் பற்றித் தன் இணையத்தளத்தில் வெளியிட்ட அறிக்கை வேர்ட் கோப்பாகவே இருந்தது. அதற்குள் ஒளிந்திருந்த பதிவிலிருந்து, யார் யார் அதைத் திருத்திச் சேமித்தார்கள் என்ற பெயர்கள் வெளியே வந்தன. ஓர் அரசாங்கத்துக்கே நேர்ந்தது அது.

வேர்ட் 2007 முதல் இதற்கு ஒரு கருவி இருக்கிறது. ஃபைல் பட்டியலில் இன்ஃபோ, அதில் செக் ஃபோர் இஷ்யூஸ், அதில் இன்ஸ்பெக்ட் டொகியுமன்ட். முதலில் கோப்பின் பிரதி ஒன்றைச் சேமித்து அதில் மட்டும் செய்யுங்கள், ஏனென்றால் நீக்கியதைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். வெளியே அனுப்புவதற்கு எப்போதும் பி.டி.எப். மேலானது. அதையும் இந்தச் சோதனைக்குப் பிறகே உருவாக்க வேண்டும்.

வாடிக்கையாளரின் காணி விபரம் இன்னொருவர் கைக்குப் போகாமல் பார்ப்பது நம் கடமை. வெற்று மாதிரி ஒன்றைத் தயாரித்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே தொடங்குவதுதான் பாதுகாப்பு.

வேலை செய்யும் போது குறிகளை எப்போதும் காட்டியே வைத்திருக்க வேண்டுமா? கண்ணுக்கு இடைஞ்சலாக இருக்கிறது.

எழுதும் போது மறைத்துக்கொள்ளுங்கள். எண்ணம் ஓட வேண்டும். திருத்தும் போதும் பக்கம் அமைக்கும் போதும் காட்டியே வையுங்கள். நான் பக்கம் அமைக்கும் நேரத்தில் மறைப்பதே இல்லை. சில நாட்களில் கண் பழகிவிடும்.

ஒரு விதிவிலக்கு: மறைத்த எழுத்து ஆவணத்தில் இருந்தால், காட்டும் போது அதுவும் இடம் பிடிக்கும். பக்க எண்ணிக்கையையும் பொருளடக்கத்தையும் இறுதியாகச் சரிபார்ப்பதற்கு முன் குறிகளை மறைத்துவிடுங்கள்.

முன்பு வேர்ட்பெர்பெக்ட் என்ற ஆவண மென்பொருளில் எல்லாக் கட்டளைகளையும் திறந்து காட்டும் சாளரம் இருந்தது. வேர்ட்டில் ஏன் இல்லை?

வேர்ட்பெர்பெக்ட் ‘இங்கே தடித்த எழுத்து தொடங்கு’, ‘இங்கே நிறுத்து’ என்று கட்டளைகளை எழுத்தோட்டத்தின் நடுவிலேயே செருகியது. ஆகவே அவற்றை வரிசையாகக் காட்ட முடிந்தது. வேர்ட்டில் அமைப்பு எழுத்துக்கும் பத்திக்கும் பிரிவுக்கும் உரிய பண்பாக ஒட்டியிருக்கிறது. நடுவே செருகிய கட்டளை என்று ஒன்று இல்லை. ஷிப்டுடன் எப் 1 காட்டும் பட்டியல்தான் அதற்கு மிக நெருக்கமானது.

வேறு மென்பொருள்களில் இந்தக் குறிகளை எப்படிக் காட்டுவது?

லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் கொன்ட்ரோலுடன் எப் 10. கூகுள் டொக்ஸில் வியூ பட்டியலில் அச்சாகாத எழுத்துகளைக் காட்டும் தெரிவு இருக்கிறது. மெக் கணினியிலுள்ள வேர்ட்டில் கொமாண்ட் விசையுடன் 8. பேஜஸ் மென்பொருளில் வியூ பட்டியலில் ஷோ இன்விசிபிள்ஸ். குறிகளின் உருவம் சிறிது மாறலாம். புள்ளி, அம்பு, ¶ ஆகிய மூன்றும் எங்கும் அடையாளம் தெரியும். ஒரு மென்பொருளில் செய்த கோப்பை இன்னொன்றில் திறந்து வேலை செய்வதானால், திறந்ததும் முதலில் குறிகளைக் காட்டி, பிரிவு முறிவுகளும் டாப் இடங்களும் அப்படியே வந்து சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.